ஒரே ஒரு எலும்பை வைத்து இடப்பெயர்வைச் சொல்ல முடியுமா? தொல்மரபணு ஆய்வுகளை வாசிக்கும் முறை

#1 கிளைமரம்

அரியானாவின் சிந்துவெளி நகரமான ராக்கிகரியில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்பு பற்றிய மரபணு ஆய்வை (2019) எங்கே பேச்செடுத்தாலும் இரண்டில் ஒன்றுதான் காதில் விழுகிறது. "ஒரே ஒரு பெண்ணின் டிஎன்ஏ, அதை வைத்து ஒரு நாகரிகத்தையே எடைபோடுவதா?" என்று ஒரு தரப்பு. "அறிவியல் நிரூபித்துவிட்டது, பேச்சுக்கே இடமில்லை" என்று மறு தரப்பு. இரண்டு தரப்புமே முறையைத் தொடாமல் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எனக்குத் தெளிவாக வேண்டியவை இவை. 61 மாதிரிகளைச் சோதித்ததில் ஒன்றில்தான் பயன்படும் அளவுக்கு டிஎன்ஏ கிடைத்தது. அதிலும் டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்களில் 31,760ஐத்தான் வாசிக்க முடிந்தது. இவ்வளவு மெல்லிய சான்றின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம்? ஒருவரின் வம்சாவளிப் பங்குகளை வண்ணங்களாகக் காட்டும் பட்டைப் படங்களில் வரும் சதவீதங்கள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன? "கலப்பு இத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது" என்ற தேதி எங்கிருந்து வருகிறது?

அரசியல் சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே முறையை மட்டும் பேசுவோம்.

#2 தாழி

"ஒரு ஆள்தானே" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். கருத்துக்கணிப்பில் ஒருவரைக் கேட்டால் ஒரு பதில். மரபணுத்தொகுதி அப்படியில்லை. ஒருவரைக் கேட்டால் ஆயிரம் முன்னோர் சேர்ந்து பதில் சொல்வார்கள்.

கணக்கு இது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர். ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம் ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதற்குச் சராசரியாக 33 வெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். தாயிடமிருந்து வந்த 22 குரோமோசோம்கள் பத்தாம் தலைமுறை முன்னோரிடம் போய்ச் சேரும்போது 22 + (33 × 9) = 319 துண்டுகளாகியிருக்கும். தந்தை பக்கமும் அதே அளவு. ஆக 638 துண்டுகள், 1,024 பேர். துண்டுகள் தற்செயலாகப் பிரிவதால் பாதிக்கும் சற்றுக் குறைவான முன்னோரே ஏதாவது தந்திருப்பார்கள். இருபதாம் தலைமுறையில் முன்னோர் இடங்கள் பத்து லட்சத்தைத் தாண்டும். துண்டுகளோ 1,298 தான். அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் அநேகமாக வெவ்வேறு ஆளிடமிருந்து வந்தவை.

ஆகவே ராக்கிகரிப் பெண்ணின் மரபணுத்தொகுதி என்பது அவளுக்கு ஐந்நூறு அறுநூறு ஆண்டு முன் வாழ்ந்த ஆயிரத்துச் சொச்சம் பேரிடமிருந்து எடுத்த மாதிரி. அவள் எந்த மக்கள்திரளிலிருந்து வந்தாளோ அந்தத் திரளின் கலப்பு விகிதத்தை இதிலிருந்து அளக்கலாம்.

அளக்க முடியாதது எது என்பதும் அதே அளவு முக்கியம். அதே ஊரில் பக்கத்துத் தெருவில் முற்றிலும் வேறு வழியில் வந்தவர் குடியிருந்தாரா, ஊருக்குள் ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபாடு இருந்தது ஆகிய கேள்விகளுக்கு ஒரு மாதிரி வாய் திறக்காது. எத்தனை ஆயிரம் இடங்களை வாசித்தாலும் திறக்காது.

மைட்டோகாண்ட்ரியாவை இதோடு ஒப்பிடுங்கள். அதன் டிஎன்ஏவில் 16,569 எழுத்துகள். மொத்தமும் வெட்டுப்படாமல் தாயிடமிருந்து மகளுக்கு அப்படியே இறங்குவதால், அது 1,024 பேரில் ஒரே ஒருத்தியின் கதை. இந்தப் பெண்ணின் தாய்வழிக் குழு யு2பி2. அதை மட்டும் வைத்து யாராவது பேசியிருந்தால் "ஒரு ஆள்தானே" என்ற ஆட்சேபம் முழுக்கச் சரி.

31,760 பற்றி. தொல்மரபணு ஆய்வில் வழக்கமாகக் குறிவைக்கும் இடங்கள் ஏறத்தாழ 12.4 லட்சம். அதில் இது இரண்டரை சதவீதம். பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றாகவே கடத்தப்படுவதால் அவற்றைத் தனித்தனிச் சாட்சியாக எண்ணக் கூடாது. அதனால் குரோமோசோமை 5 சென்டிமார்கன் (வெட்டுப்படும் வாய்ப்பை வைத்து அளக்கும் மரபணுத் தூர அலகு) கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாக நீக்கி நீக்கி விடையைத் திரும்பக் கணக்கிட்டு, விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார்கள். அந்த ஆட்டம்தான் பிழை வரம்பு. இடங்கள் குறைந்தால் விடை ஒரு பக்கம் சாயாது, மங்கும். மங்கலாக இருந்தும் ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால் அதை ஏற்கலாம்.

#3 நெடுவழி

தாழி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ராக்கிகரி தனியாக நிற்கவில்லை.

துர்க்மெனிஸ்தானின் கோனூரில் 3 பேர், கிழக்கு ஈரானின் ஷஹ்ர்-இ-சோக்தாவில் 8 பேர், ஆக 11 பேர் அதே இடுகாடுகளில் கிடந்த மற்றவர்களிலிருந்து விலகித் தெரிந்தார்கள். மற்றவர்களிடம் இல்லாத தெற்காசிய வேட்டைச் சமூக வம்சாவளி இவர்களிடம் 11 முதல் 50 சதவீதம் வரை இருந்தது. இவர்கள் சிந்துவெளியிலிருந்து போய் அங்கே தங்கியவர்களாக இருக்கலாம் என்பது அப்போது வெறும் கருதுகோள். சிந்துவெளிக்கு வெளியே கிடைத்த எலும்பை வைத்துக்கொண்டு இவர்கள் சிந்துவெளியார் என்று சொல்வது, சரியாக நிரூபிக்காத வரை, சுற்றிச் சுற்றி வரும் வாதம்.

அந்தச் சுற்றை உடைத்தது ராக்கிகரி மாதிரி. நாகரிகப் பகுதிக்குள்ளேயே புதைக்கப்பட்ட ஒருத்தியும் அந்த 11 பேரின் கலப்பு வரிசையிலேயே போய் விழுந்தாள். வேறெங்காவது விழுந்திருந்தால் கருதுகோள் அன்றோடு செத்திருக்கும். ஒரு மாதிரிக்கு அவ்வளவு வலு வந்தது இதனால்தான். வெறும் ஒன்றாக நிற்கவில்லை, ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த கணிப்புக்குச் சோதனையாக வந்தது.

முடிவுகளின் வடிவத்தையும் கவனியுங்கள். ஸ்டெப்பி எனப்படும் யூரேசியப் புல்வெளியின் மேய்ச்சல் மக்களுடைய வம்சாவளி அவளிடம் இல்லை. ஈரானியத் தொடர்புள்ள பகுதி, ஈரானின் ஆரம்ப விவசாயிகளின் கிளையிலிருந்து 12,000 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது விவசாயம் தொடங்கும் முன்பே, பிரிந்த கிளை. ஆகவே மேற்கிலிருந்து விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வந்து சிந்துவெளியில் பயிர்த்தொழிலைத் தொடங்கினார்கள் என்ற பழைய படம் இதோடு பொருந்தாது. இரண்டுமே நிராகரிப்புகள். இந்தத் துறையின் பலம் அங்கேதான் இருக்கிறது: "இது நடந்தது" என்பதைவிட "இது நடந்திருக்க முடியாது" என்பதைத்தான் இது உறுதியாகச் சொல்லும்.

#4 வெண்கல்

61இல் 60 ஏன் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஆய்வகத் தரப்பிலிருந்து சொல்கிறேன்.

டிஎன்ஏவுக்கு முதல் எதிரி வெப்பம், அடுத்தது ஈரம். நீர் மூலக்கூறுகள் இழையை அறுத்துக்கொண்டே இருக்கும். வெப்பம் ஏற ஏற அறுபடும் வேகம் பன்மடங்காகும். குளிர்ந்த குகையில் பல்லாயிரம் ஆண்டு தாக்குப்பிடிப்பது வெப்பமண்டல வண்டல் மண்ணில் நாலாயிரம் ஆண்டுக்கே தூளாகிவிடும். மிஞ்சுவது 30 முதல் 80 எழுத்து நீளமுள்ள துணுக்குகள். அவற்றோடு மண் நுண்ணுயிரிகளின் டிஎன்ஏ பெருவெள்ளமாகக் கலந்திருக்கும்.

எந்த எலும்பு என்பது அடுத்தது. உள்காதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரஸ் எலும்புதான் உடலிலேயே மிக அடர்த்தியானது. அதிலும் நத்தைக்கூடு போன்ற காக்ளியாவைச் சுற்றிய பகுதி. ஒரே ஆளின் மற்ற எலும்புகளைவிட நூறு மடங்குக்கு மேல் டிஎன்ஏ அதில் கிடைத்ததுண்டு. 2014, 2015இல் இது தெளிவான பிறகுதான் வெப்ப நாடுகளின் மாதிரிகளுக்கே வழி திறந்தது. ராக்கிகரியிலும் பெட்ரஸ்தான்.

வேலை இப்படிப் போகும். மேல்பரப்பை மணல்வீச்சாலோ துளைக்கருவியாலோ நீக்க வேண்டும். கருவியை மெதுவாகச் சுழற்ற வேண்டும்; வேகமாகச் சுழற்றினால் சூட்டில் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். 50 மில்லிகிராம் தூள் போதும். 0.5 மோலார் இடிடிஏ கரைசலில் புரோட்டினேஸ் கே நொதியோடு 37 டிகிரியில் இரவு முழுக்கச் சுழலவிட்டால் கால்சியமும் புரதமும் கரையும். பிறகு குவானிடின் ஹைட்ரோகுளோரைடும் ஐசோபுரோப்பனாலும் சேர்த்து சிலிகாவில் டிஎன்ஏவை ஒட்டவைத்து, கழுவி, பிரித்தெடுப்பார்கள். இந்த முறை 2013இல் குறுந்துணுக்குகளுக்காகவே சீரமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய முறைகளில் 50 எழுத்துக்குக் குறைந்த துணுக்குகள் கழுவும் நீரோடு போய்விடும். நமக்கு வேண்டியதே அவைதான்.

ராக்கிகரியில் அந்த ஒரே எலும்புத்தூளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வாசிப்புத் தொகுப்புகளைத் தயாரித்துச் சேர்த்த பிறகுதான் 31,760 இடங்கள் தேறின. இதை வாசிக்கும்போது எனக்கு வருவது மரியாதைதான்.

#5 குறுணி

தோண்டியவர், கழுவியவர், அருங்காட்சியகத்தில் கையில் எடுத்துப் பார்த்தவர் என்று எத்தனை பேர் தொட்டிருப்பார்கள். வாசித்தது செத்தவருடைய டிஎன்ஏதான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

#6 வெண்கல்

குறுணி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 1990களில் வந்த ஆரம்பகாலத் தொல்மரபணு அறிவிப்புகள் பல இந்தக் கேள்வியில்தான் கவிழ்ந்தன.

பழைய டிஎன்ஏவுக்குக் கையெழுத்து உண்டு. துணுக்கின் நுனிகளில் சைட்டோசின் என்ற எழுத்து காலப்போக்கில் சிதைந்து யுராசிலாகும். வாசிக்கும் இயந்திரம் அதைத் தைமின் என்று படிக்கும். ஆகவே ஒரு நுனியில் சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமினும், எதிர் நுனியில் குவானின் இருக்க வேண்டிய இடத்தில் அடினினும் அளவுக்கு மீறி வரும். நுனியிலிருந்து உள்ளே போகப் போக இந்தப் பிழை மளமளவென்று சரியும். வரைபடத்தில் இரண்டு பக்கமும் வாய் விரிந்து நடுவில் தட்டையாகக் கிடக்கும். நேற்று தொட்டவரின் டிஎன்ஏவில் இந்த வளைவு இருக்காது. வளைவு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வளைவு இருந்தால் மட்டும் போதாது. பாதி பழையது, பாதி புதியது என்றும் இருக்கலாம். அதற்கு மைட்டோகாண்ட்ரியாவைப் பார்ப்பார்கள். ஒருவருக்கு ஒரே வகைதான் இருக்க வேண்டும். இரண்டு வகை தெரிந்தால் இரண்டு ஆள். ஆண் எலும்பானால் இன்னும் வசதி: எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்று, அதில் ஒரு இடத்தில் இரண்டு எழுத்து வந்தால் இன்னொருவர் கலந்திருக்கிறார். பெண் எலும்பில் இந்தச் சோதனை நடக்காது. ஒவ்வொரு தொகுதியோடும் எலும்பே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுவார்கள். அதில் மனித டிஎன்ஏ வந்தால் குற்றவாளி ஆய்வகம்.

யுராசிலை வெட்டும் நொதியைப் பாதியளவு போடுவது இன்று வழக்கம். நடுப்பகுதிப் பிழைகள் நீங்கும், கடைசி எழுத்தில் மட்டும் கையெழுத்து மிஞ்சும். கணக்குக்குப் போகும்முன் இரண்டு நுனியிலும் இரண்டிரண்டு எழுத்தை வெட்டிவிடலாம். நொதியே போடவில்லை என்றால் அதைவிடக் கூடுதலாக வெட்ட வேண்டும்.

#7 கணியன்

எலும்பு வேலை முடிந்தாலும் கணினியில் கவிழ நிறைய இடம் இருக்கிறது.

துணுக்குகளைச் சான்றுத் தொகுதியோடு, அதாவது ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் முழு மனித மரபணுத்தொகுதியோடு, பொருத்தும்போது, வழக்கமான மென்பொருள் முதலில் துணுக்கின் தொடக்கத்தில் ஒரு "விதை"யைப் பிழையின்றிப் பொருத்தப் பார்க்கும். தொல்டிஎன்ஏவில் சிதைவே நுனியில்தான். அதனால் விதை நீளத்தை 1024 என்று, அதாவது எந்தத் துணுக்கையும்விட நீளமாகக் கொடுத்து, அந்தப் படியையே செயலிழக்கச் செய்வார்கள். 30 எழுத்துக்குக் குறைந்தவற்றைத் தள்ளிவிட வேண்டும். அவை மனிதனோடும் பொருந்தும், மண் பாக்டீரியாவோடும் பொருந்தும். இவ்வளவு செய்தும் சான்றுத் தொகுதியில் உள்ள எழுத்தைக் கொண்ட துணுக்கு எளிதில் ஒட்டும், மாற்று எழுத்து கொண்டது சற்றே குறைவாக ஒட்டும். இந்தச் சாய்வு எல்லாத் தொல்மாதிரிகளையும் ஒரே பக்கம் இழுக்கும். இரண்டு தொல்மாதிரிகள் "நெருங்கிய உறவு" என்று வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எத்தியோப்பியாவின் மோட்டா குகையில் கிடைத்த, ஏறத்தாழ 4,500 ஆண்டு பழைய மனிதனின் தொகுதி 2015இல் வெளியானது. ஆப்பிரிக்காவின் முதல் முழுத் தொல்மரபணுத்தொகுதி. எலும்பும் அருமை, வாசிப்பும் அருமை. யூரேசியாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் வம்சாவளி மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா வரை பரவியது என்று அதில் ஒரு முடிவு. அடுத்த ஆண்டே அந்தப் பகுதி திருத்தப்பட்டது. ஒரு மென்பொருளின் வெளியீட்டை இன்னொன்றுக்கு ஊட்டும்போது இடையில் செய்ய வேண்டிய வடிவமாற்றம் விட்டுப்போனதால், சான்றுத் தொகுதியோடு ஒத்துப்போகும் இடங்கள் சத்தமில்லாமல் உதிர்ந்திருந்தன. உதிர்ந்ததால் மோட்டா மனிதன் மற்ற எல்லோரிடமிருந்தும் செயற்கையாக விலகித் தெரிந்தான். அவனோடு ஒப்பிட்ட மற்ற ஆப்பிரிக்கர்கள் எல்லோரும் யூரேசியப் பக்கம் நகர்ந்ததுபோல் தெரிந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி வந்தது உண்மை, அது நின்றது. கண்டம் முழுக்க என்பது விழுந்தது. இப்படிப்பட்ட பிழையில் எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. வடிவமாற்றத்துக்கு முன்னும் பின்னும் இடங்களின் எண்ணிக்கையை எழுதி வைத்து ஒப்பிடுவதுதான் மருந்து.

இனி சதவீதம். வண்ணப் பட்டைப் படத்தில் எத்தனை வண்ணம் என்பதை ஆய்வாளர்தான் முன்கூட்டிக் கொடுக்கிறார். கொடுத்த எண்ணிக்கைக்குள் கணினி எப்படியாவது பிரித்துத் தரும். ஒரு வண்ணம் என்றால் ஒரு பழங்குழு என்று பொருள் இல்லை. சிறிய எண்ணிக்கையில் தங்களுக்குள்ளேயே நெடுங்காலம் மணந்த குழு தனி வண்ணத்தைத் தட்டிச் செல்லும். 2002இல் 52 மக்கள்குழுக்களைப் பகுத்தபோது ஆறாவது வண்ணம் கிட்டத்தட்ட முழுதும் பாகிஸ்தான் மலைப்பகுதியின் காலாஷ் மக்களுக்குப் போனது. அவர்கள் மனிதகுலத்தின் ஆறாவது பெருங்கிளை என்று அதற்கு அர்த்தமா? சிறுத்துத் தனித்த குழு என்பதே அதன் பொருள்.

நம்பத்தக்க சதவீதம் பெரும்பாலும் கியூபிஆட்ம் (qpAdm) போன்ற புள்ளியியல் முறையிலிருந்து வருகிறது. இலக்குக் குழுவையும் உத்தேச மூலங்களையும் இடப்பக்கம் வைக்க வேண்டும். அந்த மூலங்களோடு வெவ்வேறு அளவில் உறவுள்ள, ஆனால் இந்தக் கலப்பில் பங்கேற்காத குழுக்களை வலப்பக்கம் வைக்க வேண்டும். இந்த மூலங்களின் கலவையாக இலக்கை எழுத முடியாது என்று நிராகரிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. பி மதிப்பு (மாடல் சரியாக இருந்தால் இவ்வளவு பொருந்தாமை தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே போனால் மாடல் விழுந்தது. மேலே இருந்தால் "நிராகரிக்கப்படவில்லை", அவ்வளவே. "நிரூபணம்" என்று வாசிப்பதுதான் பத்திரிகைகளில் வரும் தவறு. மாதிரி எவ்வளவு மங்கலோ அவ்வளவு எளிதாக எல்லா மாடலும் தேறிவிடும். 31,760 இடங்களுள்ள மாதிரியில் ஒரு மாடல் தேறினால் நான் சந்தோஷப்பட மாட்டேன். ஒரு மாடல் விழுந்தால் கவனிப்பேன், ஏனென்றால் அவ்வளவு மங்கலிலும் பொருந்தாமை தெரிகிறது.

வலப்பக்கத்தில் யாரை வைத்தார்கள் என்பது முடிவையே மாற்றும். மூலங்களைப் பிரித்தறியும் குழுவை விட்டுவிட்டால் தவறான மாடல்களும் உள்ளே வந்துவிடும். துணை ஆவணத்தில் அந்தப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அது இல்லாத சதவீதத்தை மேற்கோள் காட்டாதீர்கள்.

#8 கடல்வழி

எம்130 பற்றியும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய முதல் கடற்கரைப் பயணிகளின் குறி அது, தென்னிந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது, ஆகவே நம்மவர் வழித்தோன்றல்கள்தான் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இதில் எவ்வளவு தேறும்?

#9 தாழி

முதல் பாதி தேறும், கடைசி பாதி தேறாது.

எம்130 என்பது ஒய் குரோமோசோமின் சி குழுவுக்கு உரிய மாற்றம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே மிகப் பழைய கிளைகளில் ஒன்று. அது தென்னிந்தியாவில் மட்டுமா? மங்கோலியா, சீனா, ஜப்பான், பசிபிக் தீவுகள், ஆஸ்திரேலியா எல்லா இடத்திலும் அதன் உட்கிளைகள் உண்டு. ஒரே அடிமரத்தின் இரண்டு கிளைகளில் இருப்பதால் ஒருவர் மற்றவரின் மூதாதையாகிவிட மாட்டார். இருவருக்கும் பொதுவான ஒருவர் நெடுங்காலத்துக்கு முன் இருந்தார் என்பது மட்டுமே பொருள். எவ்வளவு காலத்துக்கு முன் என்பதுதான் கேள்வி, அதற்கு அடிமாற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒய் குரோமோசோமை முழுக்க வாசிக்க வேண்டும்.

2013இல் வந்த ஒரு ஆய்வு, பொதுக் குரோமோசோம்களை (எக்ஸ், ஒய் தவிர்த்த 22 ஜோடிகளை) வைத்து, இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 141 தலைமுறைக்கு முன், 30 ஆண்டால் பெருக்கினால் 4,230 ஆண்டுகளுக்கு முன், ஆட்கள் போனதாகச் சொன்னது. டிங்கோ நாயும் புதிய கற்கருவிகளும் அதே காலம் என்பதால் கேட்க நன்றாக இருந்தது. 2016இல் பூர்வகுடி ஆண்களின் ஒய் குரோமோசோம்களை முழுமையாக வாசித்தபோது அவர்களுடைய சி கிளை மற்றவற்றிலிருந்து 50,000 ஆண்டு அளவில் பிரிந்தது தெரியவந்தது. அதே ஆண்டு 83 பூர்வகுடியினரின் முழுத் தொகுதிகள் வெளியாயின. அண்மைக்கால இந்திய வரவு அதிலும் தென்படவில்லை. உறவு உண்டு, அது 50,000 ஆண்டு உறவு.

#10 கணியன்

தேதி பற்றிக் கிளைமரம் கேட்டது பாக்கி.

இரண்டு குழுக்கள் கலந்த முதல் தலைமுறையில் குரோமோசோம்கள் முழு நீளமாக ஒரு பக்கத்தவை. தலைமுறை கூடக் கூட வெட்டுப்பட்டு ஒரு மூலத்திலிருந்து வந்த துண்டின் நீளம் குறையும். நூறு தலைமுறைக்குப் பின் சராசரி நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமார்கன். துண்டு நீளம் குறையும் வளைவைப் பொருத்தித் தலைமுறை எண்ணிக்கையை எடுத்து, 28 அல்லது 29 ஆண்டால் பெருக்குவார்கள். இந்தியக் குழுக்களில் கலப்பு 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்ற 2013 முடிவு இந்த வழியில் வந்தது. 73 குழுக்களின் தரவு.

அந்த எண் கலந்த தேதியைச் சொல்கிறது, வந்த தேதியை இல்லை. ஒரு கூட்டம் வந்து முந்நூறு ஆண்டு தனியாக வாழ்ந்து பிறகு கலந்தால் அந்த முந்நூறு ஆண்டு கணக்கில் தெரியாது. கலப்பு ஒரே வீச்சில் நடக்காமல் ஆயிரம் ஆண்டு நீடித்திருந்தால், ஒரே வீச்சு என்று வைத்துப் பொருத்தும் கணக்கு பிந்தைய காலத்தின் பக்கம் சாயும், ஏனென்றால் நீளமான துண்டுகள் வளைவை இழுக்கும். ஆகவே "வந்தது இந்தத் தேதிக்கு முன்" என்று மட்டும் வாசியுங்கள்.

#11 நெடுவழி

ரொம்பப் பழைய தேதிகளுக்கு இன்னொரு கடிகாரம்: பிறழ்வு வேகம், அதாவது டிஎன்ஏ எழுத்துகள் புதிதாக மாறும் வேகம். 2010க்கு முன் வரை, மனிதரும் குரங்கினமும் பிரிந்த காலத்தை வைத்துக் கணித்த வேகம் புழக்கத்தில் இருந்தது. பிறகு பெற்றோரையும் பிள்ளையையும் நேரடியாக வாசித்து எண்ணியபோது 100 கோடி எழுத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ அரைப் பிறழ்வு என்று வந்தது, பழைய வேகத்தில் பாதி. வேகம் பாதியானால் தேதி இரட்டிப்பாகும். பழைய கட்டுரையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து "முரண்பாடு" என்று எழுதுபவர்கள் எந்த வேகத்தைப் பயன்படுத்தினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். சைபீரியாவின் உஸ்த்-இஷிம் மனிதன், 45,000 ஆண்டு, இந்த மெதுவான வேகத்துக்குச் சாட்சி. கரிமத் தேதி தெரிந்தவன் என்பதால் இன்றைய மனிதரைவிட எத்தனை பிறழ்வு குறைவாக இருக்கிறது என்று எண்ணி நேரடியாகச் சரிபார்த்தார்கள்.

தாழியோடு எனக்கு ஒரு சிறு மாறுபாடு. "முதல் கடற்கரைப் பயணிகள்" என்ற பாதியும் அவ்வளவு உறுதி இல்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இன்றிருக்கும் எல்லோரிடமும் நியாண்டர்தால் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம் உண்டு. அந்தக் கலப்பு 50,500 முதல் 43,500 ஆண்டுகளுக்கு முன் என்று 2024 ஆய்வுகள் வரையறுத்தன. எல்லோரிடமும் அதே கலப்பு என்றால் எல்லோரும் அதற்குப் பின்தான் பிரிந்து பரவியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மட்ஜெட்பெபே குடைவிலோ 65,000 ஆண்டு என்று ஒரு தொல்லியல் தேதி இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான்: அந்தத் தேதி இறங்கி வர வேண்டும், அல்லது அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் இன்றையவர்களுக்குப் பெரிதாக மரபணு விட்டுச் செல்லாதவர்கள். எம்130ஐ முதல் வரவோடு முடிச்சுப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கு தீர வேண்டும்.

சென்னைக்கு அருகிலுள்ள பழங்கற்காலத் தளமான அத்திரம்பாக்கத்துக்கும் இதே பதில். இடைப் பழங்கற்காலக் கருவிகள், 3,85,000 ஆண்டு, பிழை வரம்பு 64,000. அற்புதமான தளம். ஆனால் அங்கே மனித எலும்பு இல்லை, டிஎன்ஏவும் இல்லை. யார் செய்தது என்று மரபணுவியல் ஒரு சொல்லும் சொல்ல முடியாது.

#12 தாழி

ஏற்கிறேன். "மிகப் பழைய கிளைகளில் ஒன்று" என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

#13 கிளைமரம்

நன்றி. இன்னும் ஒன்று: "வந்தவர்கள் ஆண்கள் மட்டும்" என்ற வாதம். ஒய் குழுவை வைத்து அதைச் சொல்லலாமா?

#14 நெடுவழி

ஒரு இடத்தில் ஒரு காலத்துக்குச் சொல்லலாம். பொதுவாகச் சொல்லக் கூடாது. பாகிஸ்தானின் ஸ்வாட் பள்ளத்தாக்கின் இரும்புக்கால எலும்புகளில் ஸ்டெப்பி வம்சாவளி பொதுக் குரோமோசோம்களில் நன்றாகத் தெரிகிறது. ஆனால் 44 ஒய் குரோமோசோம்களில் 2 மட்டுமே ஸ்டெப்பியோடு இணைந்த ஆர்1ஏ கிளை. அங்கே அந்த வம்சாவளி அதிகமும் பெண்கள் வழியாக உள்ளே வந்திருக்கிறது. இன்றைய வட இந்தியக் குழுக்கள் பலவற்றில் இது நேர்மாறு. ஒரே வம்சாவளி, வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு வாசல்.

இன்றைய மக்களை வைத்து முதல் குடியேற்றத்தை ஊகிப்பதன் ஆபத்துக்கு வனுவாட்டுத் தீவுகளைப் பாருங்கள். சுமார் 3,000 ஆண்டுக்கு முன் அங்கே முதலில் இறங்கிய லாபிட்டா மக்களின் எலும்புகளில் பாப்புவா வம்சாவளி ஏறக்குறைய இல்லவே இல்லை. கிழக்காசியத் தொடர்பு மட்டும். இன்றைய வனுவாட்டு மக்களின் வம்சாவளியில் பெரும்பங்கு பாப்புவா. பின்னால் வந்தவர்கள் மெல்ல மெல்லக் கலந்து மரபணுவை மாற்றிவிட்டார்கள், மொழியோ முதலில் வந்தவர்களின் ஆஸ்திரோனேசிய மொழியாகவே இன்றும் நிற்கிறது. எலும்பு கிடைக்காமல் இன்றைய இரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் முதல் குடியேற்றத்தைத் தலைகீழாக எழுதியிருப்போம்.

#15 வெண்கல்

தேதியையும் அந்த எலும்பிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இமயமலையின் ரூப்குண்ட் ஏரியில் ஒரே பேரழிவில் செத்தவர்கள் என்று நம்பப்பட்ட எலும்புக் குவியல். 38 பேரின் டிஎன்ஏவை 2019இல் வாசித்தார்கள். 23 பேர் தெற்காசியர், 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியினர், ஒருவர் தென்கிழக்காசியர். எலும்புகளுக்குத் தனித்தனியே கரிமத் தேதி எடுத்ததில் தெற்காசியர்கள் கி.பி. 800 வாக்கில், மற்றவர்கள் 1800 வாக்கில் செத்தவர்கள் என்று வந்தது. தேதி எடுக்காமல் டிஎன்ஏவை மட்டும் வைத்திருந்தால் "கி.பி. 800இல் இமயமலையில் மத்தியதரைக்கடல் குழு" என்று ஒரு பொய் இடப்பெயர்வு பிறந்திருக்கும்.

#16 குறுணி

அகழாய்வில் எலும்பு கிடைத்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?

#17 வெண்கல்

கழுவக் கூடாது. நீர் உள்ளே இறங்கி இருக்கிற டிஎன்ஏவையும் சிதைக்கும், கழுவுபவரின் டிஎன்ஏவையும் உள்ளே கொண்டுபோகும். பசை, வார்னிஷ், கெட்டிப்படுத்தும் கரைசல் எதையும் பூசக் கூடாது. வெயிலில் காய வைக்கவும் கூடாது. மண்டையோடு தெரிந்ததும் கையுறை, முகக்கவசம் போட்டு, முழுக்கத் திறப்பதற்கு முன்பே ஒரு பெட்ரஸ் எலும்பையும் வேரோடு ஒரு கடைவாய்ப் பல்லையும் மண்ணோடு எடுத்துத் தனித்தனிக் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலரவிட்டு, முடிந்தவரை குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பக்கத்து மண்ணில் ஒரு பிடியையும் தனி உறையில் எடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பெட்ரஸ் இரண்டு பக்கமும் உண்டு. ஒன்றை மட்டும் கொடுங்கள். துளையிடும் முன் படமும் வார்ப்பும் எடுத்து வையுங்கள். மற்றதைத் தொடாமல் விடுங்கள். பத்து ஆண்டு கழித்து இன்னும் குறைவான தூளில் இன்னும் அதிகம் வாசிக்கும் முறை வரும்போது அந்த எலும்பு அங்கே இருக்க வேண்டும்.